எந்த ஊர்த் தண்ணீர்?



ஒரு தவற்றை ஒப்புக்கொண்டுதான் இதனைத் தொடங்க வேண்டியிருக்கிறது. சிங்கப்பூரில் ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை தொடங்கியிருந்த வேளை. அங்கு வாழும் என் தங்கையின் மகள், பத்து வயதுச் சிறுமி, மீன் வளர்க்க வேண்டும் என்று நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். பெற்றோர் ஒருவழியாக இசைந்து, சிறிய கண்ணாடித் தொட்டி ஒன்றும் பத்துக் கப்பி மீன்களும் வாங்கித் தந்தனர். அடுத்து என்ன செய்வது என்று கேட்க அவளுக்கு ஒரு மாமா இருந்தார். ஜொகூரில் தமிழ்ப்பள்ளி ஆசிரியர். அறிவியல் கழகத்தின் பொறுப்பாசிரியர். பதினேழு ஆண்டுகளாகப் பள்ளியில் மீன்தொட்டி வைத்துப் பராமரிப்பவர். அந்த மாமா நான்தான்.

“குழாய்த் தண்ணீரை வாளியில் பிடித்து ஒரு நாள் திறந்து வைம்மா. குளோரின் போய்விடும். பிறகு தொட்டியில் ஊற்று. மருந்து ஒன்றும் தேவையில்லை,” என்றேன்.

தங்கை தொலைபேசியை வாங்கி, “அண்ணே, ஆண்டி குளோரின் ஊற்றாமல் தண்ணீர் மாற்றவே கூடாது என்று கடைக்காரர் சொல்கிறாரே?” என்று கேட்டாள்.

நான் சிரித்தேன். “அவர் விற்கிறவர். வேறு எப்படிச் சொல்வார்?”

அந்த வாரம் முடிவதற்குள் ஒன்பது மீன்கள் மடிந்தன. நீரின் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடி, மூச்சுக்குத் தவித்துச் செத்தனவாம். பிள்ளை தொலைபேசியில் அழுதாள். அழுதுகொண்டே அவள் சொன்ன சொல்தான் இன்றுவரை என் நெஞ்சில் முள்ளாக நிற்கிறது. “மாமா, நீங்கள் சொன்னதை நான் சரியாகச் செய்யவில்லை போல.”

அவள் எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்திருந்தாள். வாளியை எத்தனை மணிக்கு வைத்தாள், எத்தனை மணிக்கு ஊற்றினாள் என்பதைக்கூட எழுதி வைத்திருந்தாள். ஆனால், மீன்கள் செத்தபோது அவள் என் அறிவுரையை ஐயுறவில்லை, தன்னையே ஐயுற்றாள். பிள்ளைகளுக்கு அறிவுரை சொல்லும் தொழிலில் இருக்கும் நமக்கு இதைவிடப் பெரிய கவலை வேறு என்ன இருக்க முடியும்?

பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். முன்பே படித்திருக்க வேண்டியது. எங்கள் ஊர்க் குழாய்நீரில் கிருமிகளைக் கொல்ல இடுவது குளோரின். அது நீரில் கரைந்து நிற்கும் வளி. திறந்த வாளியில் ஒரு நாள் வைத்தால் பெரும்பகுதி காற்றில் கலந்துவிடும். என் அறிவுரை எங்கள் ஊர்த் தண்ணீருக்குப் பிழையற்றது. சிங்கப்பூரிலோ பொதுப் பயனீட்டுக் கழகம் குளோரமினைப் பயன்படுத்துகிறது. குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த சேர்மம் அது. நீண்ட குழாய்களில் நெடுநேரம் சிதையாமல் நின்று நீரைக் காக்க வேண்டும் என்பதற்காகவே அதனைத் தேர்கிறார்கள். எளிதில் சிதையாத பொருள் வாளியில் ஓர் இரவு வைத்ததனால் மட்டும் சிதைந்துவிடுமா? நமக்குத் தீங்கில்லை; குடித்தால் செரித்துவிடுகிறோம். மீனுக்கோ அது செவுள் வழியாக நேரே இரத்தத்தில் கலக்கிறது. உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலை இரத்தம் இழக்கிறது. நீரில் உயிர்வளி இருந்தும் மீன் மூச்சுத் திணறுகிறது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1962ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி சிங்கப்பூர் நாள்தோறும் 250 மில்லியன் கேலன் வரை ஜொகூர் ஆற்று நீரை எடுத்துக்கொள்ளலாம். 2061 வரை அதற்கு உரிமை உண்டு. எனவே, என் மருமகள் வாளியில் பிடித்த தண்ணீரில் ஒரு பங்கு எங்கள் மாநிலத்து ஆற்றிலிருந்து போனதாகவே இருந்திருக்கலாம். ஆறு ஒன்றுதான். சுத்திகரிப்பு வேறு. பாலத்தைத் தாண்டியதும் என் பதினேழு ஆண்டு அனுபவம் செல்லாக்காசாகிவிட்டது.

அந்தப் பதினேழு ஆண்டுகளைப் பற்றியும் நேர்மையாகச் சில சொல்ல வேண்டும். எங்கள் பள்ளித் தொட்டியின் முதல் கப்பிகள் கடையில் வாங்கியவை அல்ல. பள்ளிக்குப் பின்னாலுள்ள லோங்காங்கில் மாணவர்கள் பிடித்து வந்தவை. சோப்பு நுரையும் எண்ணெய்ப் படலமும் மிதக்கும் சாக்கடையிலேயே குட்டி போட்டுப் பெருகும் மீன்கள், நான் என்ன செய்தாலும் பிழைத்துக்கொண்டன. அவற்றின் உடல் உரத்தை என் திறமை என்று நான் எண்ணிக்கொண்டேன்! கடையில் வளர்ந்த, வண்ண வால் விரிந்த கப்பிகளுக்கு அந்த உரம் கிடையாது. அனுபவம் உள்ளவர் ஒருவர் அறிவுரை சொல்லும்போது, அவருடைய அனுபவம் எத்தனை ஆண்டு என்று மட்டும் நாம் கேட்கிறோம். எந்த மீனிடம், எந்த நீரில் பெற்ற அனுபவம் என்று கேட்பதில்லை. நானும் என்னிடம் அதைக் கேட்டுக்கொண்டதில்லை.

இன்னொன்று. மீன் வளர்ப்பில் தோற்றவர்கள் யாரும் அறிவுரை சொல்ல வருவதில்லை. தொட்டியைத் துடைத்துப் பரணில் ஏற்றிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். எஞ்சி நின்று பேசுபவர்கள் எல்லாரும் மீன் பிழைத்தவர்கள். ஆகவே, எந்தப் பொழுதுபோக்கிலும் நம் காதில் விழுபவை பெரும்பாலும் வென்றவர்களின் குரல்களே. “நான் இப்படித்தான் செய்கிறேன், ஒன்றும் ஆகவில்லை” என்ற சொல்லை நூறு பேர் சொல்லக் கேட்கலாம். அதே போலச் செய்து இழந்தவர் எத்தனை பேர் என்ற கணக்கு எவரிடமும் இருக்காது.

‘ஒன்றும் ஆகவில்லை’ என்ற அந்தச் சொல் எவ்வளவு தீங்கானது என்பதை மீனைவிட வலுவாக எனக்கு உணர்த்திய நாள் ஒன்று உண்டு. 2019 டிசம்பர் 26ஆம் நாள், சிங்கப்பூரிலும் ஜொகூரின் தென்பகுதியிலும் கங்கணச் சூரிய கிரகணம் தெரிந்தது. எங்கள் குடியிருப்பில் பிள்ளைகள் திடலில் கூடிவிட்டனர். வானியலில் ஆர்வமுள்ள அண்டை வீட்டுப் பெரியவர் ஒருவர், பழைய எக்ஸ்ரே படலத்தை வெட்டிக் கொண்டுவந்து பிள்ளைகளுக்குப் பகிர்ந்து தந்தார். நல்ல மனிதர், பிள்ளைகள் மீது அன்புள்ளவர். “சிறுவனாக இருந்தபோது நான் இதில்தான் பார்த்தேன் சார். இன்றைக்கும் கண்ணாடி போடாமல் நாளிதழ் படிக்கிறேன்,” என்றார்.

அவர் சொன்னது பொய்யன்று. ஆனால், அதனால் அந்தப் படலம் பாதுகாப்பானதாகிவிடுமா? எக்ஸ்ரே படலம் கண்ணுக்குத் தெரியும் ஒளியை மங்கச் செய்கிறது. வெளிச்சம் குறைந்ததால் பாதுகாப்பு என்று நாம் மயங்குகிறோம். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் ஊடுருவி வரத்தான் செய்யும். விழித்திரைக்கு வலி உணர்வும் கிடையாது. சுடும்போது தெரியாது, சில மணி நேரம் கழித்துப் பார்வையின் நடுவில் ஒரு கறை விழுந்த பிறகே தெரியும். அந்தப் பெரியவரிடம் பிள்ளைகள் முன்னிலையில் வாதிட எனக்கு மனமில்லை. ஓர் அட்டையில் குண்டூசியால் துளையிட்டு, அதன் வழியே விழும் ஒளியை வெள்ளைத் தாளில் பிடித்துக் காட்டினேன். மரத்தடியில் இலை இடுக்குகள் வழியே விழுந்த ஒளிப்பொட்டுகளும் பிறை பிறையாகத் தரையில் கிடந்ததைப் பிள்ளைகள் கண்டு ஆர்ப்பரித்தனர். படலங்களை மெல்லத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அவற்றை அந்தப் பெரியவரிடமே கொடுத்தபோது அவர் முகம் வாடியது. அதற்கு நான் என்ன செய்ய?

பிழைத்தால் மட்டும் பேச வாய்க்கும் அறிவுரைகளில், இழந்தால் திரும்பப் பெற முடியாததைப் பற்றியவை தனி வகை. உரத்துக்குப் பதிலாக வாழைப்பழத் தோலைப் போட்டால் ரோஜா நன்றாகப் பூக்கும் என்று பக்கத்து வீட்டு அம்மா சொன்னால், முயன்று பாருங்கள். கெட்டுவிடப் போவது ஒன்றுமில்லை. கண், மின்சாரம், மருந்து என்றால் “எனக்கு ஒன்றும் ஆகவில்லை” என்பவரின் சொல்லை எடைத்தட்டிலேயே வைக்கக் கூடாது.

இனி அந்தக் கடைக்காரர். அவரிடம் நான் இன்றும் மனத்தளவில் மன்னிப்புக் கேட்கிறேன். விற்பவர் சொன்னால் ஐயப்படு என்பது நாம் எல்லாரும் பிள்ளைகளுக்குச் சொல்லும் எச்சரிக்கை. தவறான எச்சரிக்கையும் அன்று. ஆனால், ஐயப்படுவது வேறு, கேளாமலே தள்ளிவிடுவது வேறு. அவர் சொன்னதற்குக் காரணம் என்ன என்று நான் ஒரு சொல் கேட்டிருந்தால், “எங்கள் தண்ணீரில் குளோரமின் இருக்கிறது” என்று அவர் சொல்லியிருக்கக் கூடும். இலாபம் அவருக்கு இருந்தது. ஆயினும், அந்த ஊர்த் தண்ணீரில் நாள்தோறும் நூற்றுக்கணக்கான மீன்களைக் காத்து வைத்திருந்தவரும் அவர்தான். எனக்கு இலாபம் ஏதுமில்லை என்பதால் என் சொல் சரியாகிவிடவில்லை. தன்னலமற்ற அறியாமை என்று ஒன்று உண்டல்லவா? அன்புள்ள உறவினர்களிடமிருந்து நமக்குக் கிடைப்பதில் பெரும்பகுதி அதுதான் (என்னையும் சேர்த்தே சொல்கிறேன்).

கடைக்காரர் சொன்னதும் முழுமையானதன்று என்பதையும் பிறகு அறிந்தேன். ஆண்டி குளோரின் என்று மலிவாக விற்கப்படுவது பெரும்பாலும் சோடியம் தயோசல்ஃபேட். அது குளோரமினை உடைக்கும். உடைத்தபின் அம்மோனியா எஞ்சும். பழைய தொட்டியில் அந்த அம்மோனியாவை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றிவிடும். புதிய தொட்டியில் அந்த நுண்ணுயிர்கள் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதுவரை மீன்களின் கழிவே அவற்றுக்கு நஞ்சு. புதிய தொட்டியில் முதல் நாளே பத்து மீன்களை விட்டால், குளோரமின் இல்லாத ஊரிலும் துன்பம்தான். என் மருமகளின் மீன்களை இவ்விரண்டும் சேர்ந்தே கொன்றிருக்க வேண்டும். இதைப்பற்றி நானும் எச்சரிக்கவில்லை, கடைக்காரரும் எச்சரிக்கவில்லை. லோங்காங் மீன் வளர்த்தவனுக்கு அந்த எண்ணமே எழாது.

பலர் சொன்னால் உண்மையாக இருக்குமே என்று பெற்றோர் சிலர் கேட்கலாம். பத்துப் பேர் தனித்தனியே முயன்று ஒரே முடிவைச் சொன்னால் அது பெரிய சான்று. ஒருவர் சொன்னதை ஒன்பது பேர் திருப்பிச் சொன்னால் அது ஒரே சான்றுதான். மீன்தொட்டியில் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுவது நைட்ரோபாக்டர் என்னும் நுண்ணுயிர் என்று வளர்ப்பு நூல்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று நெடுங்காலம் எழுதி வந்தன. 1998இல் திமத்தி ஹொவானெக்கும் அவர்தம் குழுவினரும் நன்னீர்த் தொட்டிகளை ஆராய்ந்து, அவற்றில் அந்த வேலையைச் செய்பவை நைட்ரோஸ்பைரா வகையைச் சேர்ந்தவை என்று காட்டினர். நானும் அந்தப் பழைய பெயரைத்தான் மாணவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதனால் எந்த மீனும் சாகவில்லை என்பது ஓர் ஆறுதல்!

‘ஒரு கேலனுக்கு ஓர் அங்குல மீன்’ என்று ஒரு விதி உண்டு. மீன் வளர்ப்போர் அனைவரும் ஒப்பிப்பார்கள். முதலில் எந்தக் கேலன்? அமெரிக்கக் கேலன் 3.8 லிட்டர், நம் பெரியவர்கள் அறிந்த ஆங்கிலேயர் கேலன் 4.5 லிட்டர். அது போகட்டும். ஆஸ்கர் மீன் ஓரடி வளரக்கூடியது. இந்த விதிப்படி அதற்குப் பன்னிரண்டு கேலன் போதும். அத்தனை சிறிய தொட்டியில் அந்த மீனால் உடம்பைத் திருப்பக்கூட முடியாது. சின்னஞ்சிறு மீன்களுக்காக எவரோ தோராயமாகச் சொன்னது, ‘சின்ன மீன்களுக்கு’ என்ற முன்பகுதியை வழியில் தொலைத்துவிட்டு விதியாகிவிட்டது. அறிவுரைகள் கெட்டுப்போவது பெரும்பாலும் இப்படித்தான். முதலில் சொன்னவர் பொய் சொல்வதில்லை. சொல் கைமாறும்போது ‘எப்போது’, ‘எங்கே’, ‘எதற்கு’ என்பவை உதிர்ந்துவிடுகின்றன. ‘செய்’ என்பது மட்டும் நிற்கிறது.

ஆசிரிய நண்பர்களே, இதில் நமக்கு ஒரு தனிப் பொறுப்பு இருக்கிறது என்பது என் தாழ்மையான கருத்து. அறிவியல் பாடத்தில் தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்று அட்டவணை போட்டுக் கற்பிக்கிறோம். தமிழ்மொழிப் பாடத்தில், யார் சொல்லக் கேட்டாலும் சொன்னதன் உண்மையை ஆராய வேண்டும் என்னும் குறளை மனனம் செய்ய வைக்கிறோம். ஆனால், ஒரு மாணவன் எழுந்து, “உங்களுக்கு எப்படித் தெரியும் ஐயா?” என்று கேட்டுவிட்டால் நம் முகம் மாறுகிறதா இல்லையா? மாறிகளைத் தேர்வுத்தாளில் மட்டும் கட்டுப்படுத்தக் கற்றுக்கொடுத்துவிட்டு, வாழ்க்கையில் பெரியவர் சொல்லைத் தட்டாதே என்கிறோம். பெரியவர் சொல்லை மதிக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. கேள்வி கேட்பதும் மதிப்பதில் ஒரு வகைதான்.

அண்மையில் எங்கள் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன், “தொட்டியில் உப்புப் போட்டால் மீன் சாகாது என்று எங்கள் தாத்தா சொன்னார் ஐயா,” என்றான். முன்பாக இருந்தால் சரி என்றோ தவறு என்றோ உடனே தீர்ப்புச் சொல்லியிருப்பேன். இம்முறை, தாத்தாவிடம் மூன்று செய்திகள் கேட்டு வா என்றேன். எந்த மீனுக்குப் போட்டார், எவ்வளவு போட்டார், எப்போது போட்டார்? மறுநாள் விடையோடு வந்தான். தாத்தா தோட்டத்தில் வேலை செய்த காலத்தில் சிமெண்டுத் தொட்டியில் கப்பி வளர்த்தாராம். புதுத் தண்ணீர் நிரப்பி மீன் விட்ட முதல் சில வாரங்களில் மட்டும் ஒரு கைப்பிடி கல்லுப்பு. தொட்டி பழகிய பிறகு போடுவதில்லை.

எனக்கு மெய்சிலிர்த்தது. புதிய தொட்டியில் நைட்ரைட் மிகும் வாரங்கள் அவையேதான். உப்பிலுள்ள குளோரைடு, செவுளில் நைட்ரைட் நுழைவதைத் தடுக்கிறது. இது ஆய்வில் உறுதியான செய்தி. நைட்ரைட் என்ற பெயரைக் கேட்டே இராத அந்தப் பெரியவர், தன் மீன்களைப் பார்த்துப் பார்த்து அதைக் கண்டிருக்கிறார். ஆனால், ‘உப்புப் போட்டால் மீன் சாகாது’ என்று மட்டும் பேரன் எடுத்து வந்திருந்தால், நீர்த்தாவரம் நிறைந்த எங்கள் தொட்டியில் வாரந்தோறும் உப்பைக் கொட்டித் தாவரங்களை அழுகவிட்டிருப்போம். மூன்று கேள்விகள் தாத்தாவைச் சிறுமைப்படுத்தவில்லை. அவரிடம் இருந்த அறிவை முழுதாகப் பள்ளிக்குக் கொண்டுவந்து சேர்த்தன. தன் தாத்தாவைப் பற்றி வகுப்பில் பேசும்போது அந்த மாணவன் நிமிர்ந்து நின்றதை நான் பார்த்தேன்.

என் மருமகளிடம் நேரில் சென்று, தவறு என்னுடையது என்று சொன்னேன். அவள் உடனே நம்பவில்லை. குளோரமினைப் பற்றி விளக்கி, அம்மோனியா சோதனைக் குப்பி ஒன்றையும் வாங்கித் தந்தேன். மஞ்சளாக இருக்க வேண்டிய நீர் பச்சையாக மாறியதைத் தன் கண்ணால் கண்ட பிறகே அவள் முகம் தெளிந்தது. எஞ்சிய ஒற்றைக் கப்பியோடு ஆறு வாரம் பொறுத்திருந்து, வாரம் ஒரு முறை நீரைச் சோதித்து, பிறகு மூன்று மீன்கள் மட்டும் வாங்கினாள். அவை இப்போது குட்டி போட்டிருக்கின்றன.

சென்ற வாரம் ஒரு தாளைப் படம் பிடித்து எனக்கு அனுப்பியிருந்தாள். மீன் வளர்க்கத் தொடங்கும் வகுப்புத் தோழி ஒருத்திக்குத் தமிழில் எழுதிய குறிப்பு. எழுத்துப்பிழை இருந்தால் திருத்தித் தரும்படி கேட்டிருந்தாள். இரண்டு இடங்களில் ரகர றகரம் மாறியிருந்தது. அவற்றைத் திருத்தினேன். மற்றபடி ஒன்றையும் தொடவில்லை. மேலே ‘சிங்கப்பூர்த் தண்ணீர்’ என்று எழுதி அடிக்கோடு இட்டிருந்தாள். அதன் கீழே தொட்டியின் அளவு, மீனின் வகை, என்ன ஊற்றினாள், எத்தனை துளி, எத்தனை வாரம் காத்திருந்தாள் என்ற விவரங்கள். கடைசி வரியில், ‘இதைக் கற்றுக்கொள்வதற்குள் இறந்தவை: 9’ என்று இருந்தது.